யாரையும் பிடிக்கவில்லை, ஆனாலும் ஓட்டுப் போடப் போவேன்

1996 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் அப்பா கையில் கொடுத்தது வாக்குச்சீட்டு இல்லை, ஒரு புத்தகம். எங்களுடையது ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சி தொகுதி. அந்த முறை அங்கே நின்ற வேட்பாளர்கள் 1,033 பேர். விவசாயிகள் கேட்டதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்ற கோபத்தில் கூட்டம் கூட்டமாகப் போய் மனுத்தாக்கல் செய்துவிட்டார்கள். டெபாசிட் அப்போது 250 ரூபாய்தான். தேர்தலையே ஒரு மாதம் தள்ளிவைக்க வேண்டியதாகிவிட்டது. அப்பா உள்ளே போய்ப் பக்கம் பக்கமாகப் புரட்டி, தான் தேடிய சின்னத்தைக் கண்டுபிடித்து முத்திரை குத்தி வெளியே வருவதற்குள், பெண்கள் வரிசையில் நின்ற அம்மா உள்ளே ஏதோ தகராறு என்று பயந்துவிட்டாராம்.

எனக்கு அப்போது பத்து வயது. வீட்டில் இந்தக் கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். அதற்குள் இருந்த கோபம் பெரியவனான பிறகுதான் புரிந்தது. "நிற்கிறவர்களில் யாரும் வேண்டாம்" என்று சொல்ல அன்றைக்கு பட்டன் கிடையாது. ஆயிரம் பேர் வேட்பாளராக நின்று அதைச் சொன்னார்கள். கடைசியில் கட்சி வேட்பாளரான தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன்தான் ஜெயித்தார். 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. அதே வருடம் சட்டத்தைத் திருத்தி, சட்டமன்றத் தேர்தலுக்கான டெபாசிட்டை 5,000 ரூபாய் ஆக்கினார்கள். இனி இப்படி யாரும் நிற்க முடியாதபடி கதவைச் சாத்தியாகிவிட்டது.

இதை இப்போது எழுதக் காரணம் என் அக்கா மகள். வயது பத்தொன்பது, கோயம்புத்தூரில் படிக்கிறாள். "மாமா, எனக்கு எந்தக் கட்சியும் பிடிக்கல. பிடிக்காம எதுக்குப் போய் ஓட்டுப் போடணும்?" என்று கேட்டாள். வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்கக்கூட அவள் விண்ணப்பிக்கவில்லை. "அது நம்ம கடமைம்மா" என்று பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி ஏதோ சொல்லி வைத்தேன். அவள் முகத்திலேயே தெரிந்தது, அது பதில் இல்லை என்று. அவளுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

அவள் கேட்ட அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் 2021 ஏப்ரல் 6 அன்று நான் பெங்களூரில் வீட்டிலேயே இருந்தேன். லீவு இருந்தது, பஸ்ஸும் இருந்தது. போகவில்லை. சோம்பேறித்தனம் இல்லை. நம்பாத ஒருவருக்கு நேரே பட்டனை அழுத்துவது பொய்ச் சாட்சி சொல்வது போல் எனக்குப் பட்டது. இப்படி நினைக்கிறவர்களை இன்றும் நான் குறைவாகப் பேச மாட்டேன். அரசியலைப் பற்றிக் கவலையே இல்லாதவனுக்கு இந்த உறுத்தல் வராது.

மே 2-ம் தேதி எண்ணினார்கள். மொடக்குறிச்சியில் பா.ஜ.க.வின் சரஸ்வதி ஜெயித்தார். வித்தியாசம் 281 ஓட்டு. தோற்றவர் அதே சுப்புலட்சுமி ஜெகதீசன். 1996-ல் ஆயிரம் பேரைத் தாண்டி ஜெயித்தவர், 2021-ல் 281 ஓட்டில் தோற்றார். இரண்டு பேரில் யார் வந்திருக்க வேண்டும் என்பதைப் பேச வரவில்லை. 281 என்றால் எங்கள் ஊரில் இரண்டு தெரு. அன்றைக்கு ஓட்டுப் போடாமல் இருந்தவர்கள் தொகுதி முழுக்கப் பல ஆயிரம் பேர். அதில் நான் ஒருவன்.

ஆனால் என்னை உலுக்கியது அந்த எண் இல்லை. அந்த வாரம் போனில் அம்மா போகிற போக்கில் சொன்ன ஒரு விஷயம். அம்மா ஓட்டுப் போட்டது ஊர்ப் பள்ளிக்கூடத்தில். உள்ளே பெஞ்சில் கட்சி ஏஜென்டுகள் வாக்காளர் பட்டியலும் ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பார்களே, அதில் தெரிந்த பையன் ஒருவன் அம்மா பேருக்கு நேராகக் கோடு போட்டுவிட்டு, அடுத்த வரியில் இருந்த என் பேரைப் பார்த்து, "அக்கா, பையன் வரலீங்களா?" என்று கேட்டிருக்கிறான். "அவன் பெங்களூருல இருக்கானுங்க" என்றிருக்கிறார் அம்மா. என் பேருக்குப் பக்கத்தில் பென்சிலால் "வெளியூர்" என்று அவன் எழுதிக்கொண்டானாம்.

அவ்வளவுதான். நாலு மாதம் யோசித்து, நண்பர்களோடு சண்டை போட்டு, மனசாட்சியோடு எடுத்த முடிவு அந்தப் பட்டியலில் "வெளியூர்" என்று பதிவானது. பக்கத்து வரியில் இறந்து போனவர் பேர் இருந்திருக்கும், கல்யாணமாகிப் போன பெண்ணின் பேர் இருந்திருக்கும். கட்சிக்காரர்களுக்கு நாங்கள் எல்லோரும் ஒரே கணக்கு. வராத ஓட்டு ஏன் வரவில்லை என்று எந்தக் கட்சி ஆபீஸிலும் யாரும் தலையைப் பிய்த்துக்கொள்வதில்லை. வருகிற ஓட்டைப் பற்றித்தான் கூட்டம் போடுகிறார்கள்.

ஊர் மொத்தமும் சேர்ந்து புறக்கணிப்பது வேறு. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தபோது நாடு திரும்பிப் பார்த்தது. ஊர் கூடி முடிவெடுத்து, காரணத்தை வாய்விட்டுச் சொல்லிச் செய்த காரியம் அது. தனியாக ஒருவன் வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருப்பதற்கு அந்தப் பலம் கிடையாது. எனக்கு அன்று இருந்ததாக நான் நினைத்துக்கொண்ட பலம் ஏகனாபுரத்துக்காரர்களுடையது.

சரி, "யாரும் வேண்டாம்" என்று சொல்ல இப்போது நோட்டா பட்டன் இருக்கிறதே என்பீர்கள். 2016-ல் நானும் போட்டவன்தான். முன்பெல்லாம் யாருக்கும் போட விருப்பமில்லை என்றால் 49-ஓ என்ற விதிப்படி வாக்குச்சாவடி அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் பதிவேட்டில் எழுதி நம்மிடம் கையெழுத்து வாங்குவார். பெஞ்சில் இருக்கிற எல்லா ஏஜென்டும் திரும்பிப் பார்ப்பார்கள். கிராமத்தில் அதற்கப்புறம் ரகசியம் எங்கே இருக்கும்? 2013 செப்டம்பர் 27-ம் தேதி உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. யாருக்கும் போடாமல் இருக்கிற உரிமையும் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும், இயந்திரத்திலேயே அதற்கு ஒரு பட்டன் வையுங்கள் என்று சொன்ன அமர்வின் தலைவர் தலைமை நீதிபதி ப. சதாசிவம். பவானிப் பக்கம் காடப்பநல்லூர்க்காரர், எங்கள் மாவட்டம். அந்தத் தீர்ப்பு வந்த அன்று எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. 1996-ல் எங்கள் ஆட்கள் ஆயிரம் மனுக்கொடுத்துச் சொன்னதை இனி ஒரு விரலால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

சொல்லலாம். ஆனால் சொன்னது எங்கேயும் போய்ச் சேராது. நோட்டாவே முதலிடம் வந்தாலும் அடுத்து நிற்கிறவர்தான் எம்.எல்.ஏ. 2024 மக்களவைத் தேர்தலில் மத்தியப் பிரதேசத்து இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் மனுவை வாபஸ் வாங்கிவிட, 2,18,674 பேர் நோட்டாவை அழுத்தினார்கள். ஜெயித்தவர் பதினோரு லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டுப் போனார். 2025 பிப்ரவரியில் எங்களுக்குப் பக்கத்து ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் அ.தி.மு.க., பா.ஜ.க. எல்லாம் ஒதுங்கிக்கொண்டன. நோட்டா ஆறாயிரத்துக்கு மேல் வாங்கி மூன்றாம் இடம் வந்தது. ஒரு வாரம் டீக்கடையில் பேசினோம், அப்புறம் மறந்துவிட்டோம். தமிழகம் முழுக்க 2016-ல் ஐந்தரை லட்சத்துக்கு மேல் விழுந்த நோட்டா, 2021-ல் மூன்றரை லட்சத்தைத் தொடவில்லை. போட்டவர்களுக்கே சலித்துவிட்டது என்றுதான் அதை நான் படிக்கிறேன்.

மகாராஷ்டிரத்தில் 2018-ல் அந்த மாநிலத் தேர்தல் ஆணையம் உள்ளாட்சித் தேர்தலுக்கு ஒரு விதி கொண்டுவந்தது. நோட்டா முதலிடம் வந்தால் மறுபடி தேர்தல். இது எல்லாத் தேர்தலுக்கும் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். வருகிற வரைக்கும் நோட்டா என்பது, பிடிக்கவில்லை என்று எழுதிப் பெட்டியில் போடுகிற கடிதம். வீட்டில் இருப்பதைவிட மேல். கையில் மை இருக்கும், பதிவேட்டில் கையெழுத்து இருக்கும், நம் பேரில் வேறொருவன் போட முடியாது. அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்க முடியாது.

என் மனம் மாறியது வேறு இடத்தில். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நீதிமன்றத்தில் ரத்தானது. ஊரகப் பகுதிகளுக்கு மறுபடி தேர்தல் நடந்தது 2019 டிசம்பர் கடைசியில். நடுவில் மூன்று வருடம் எங்கள் ஊருக்குத் தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. தனி அலுவலர் என்று ஒருவர் உண்டு, அவருக்கு எங்கள் ஊரைப் போல இன்னும் எத்தனையோ ஊர். மாரியம்மன் கோயில் முக்குத் தெருவிளக்கு எரியாமல் ஐந்து மாதம் கிடந்தது. பழைய தலைவர் எங்கள் சாதிசனம் கிடையாது, எங்களுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தையும் கிடையாது. ஆனாலும் அவர் காலத்தில் அப்பா நேரே அவர் வீட்டுத் திண்ணைக்குப் போய்ச் சத்தம் போடுவார், மூன்றாம் நாள் விளக்கு எரியும். இந்த மூன்று வருடத்தில் சத்தம் போடத் திண்ணை இல்லை. அப்பா இரண்டு பஸ் மாறி ஒன்றிய அலுவலகத்துக்கு நாலு தடவை போனார். ஐயா கேம்ப், ஐயா மீட்டிங் என்று சொல்லி அனுப்பினார்கள்.

பிடிக்காத தலைவர் இருந்ததற்கும் தலைவரே இல்லாததற்கும் உள்ள வித்தியாசத்தை எங்கள் குடும்பம் இருட்டில் நடந்து பார்த்திருக்கிறது. ஐந்து வருடம் கழித்து மறுபடி நம் வாசலுக்கு வந்து நிற்க வேண்டும் என்ற பயம் ஒருவருக்கு இருப்பதே பெரிய விஷயம். 2019-ல் நான் ஊருக்குப் போய் நாலு சீட்டிலும் போட்டேன். அதில் தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டிலும் வார்டு உறுப்பினருக்கான வெள்ளைச் சீட்டிலும் கட்சிச் சின்னமே கிடையாது. எந்தக் கட்சியும் பிடிக்காது என்கிறவர்கள் முதலில் ஓடிப் போய்ப் போட வேண்டிய ஓட்டு அதுதான். அதற்குத்தான் படித்த பிள்ளைகள் ஊருக்கு வருவதே இல்லை. ஒருமுறை இப்படிப் போட்டுவிட்டு, அடுத்த சட்டமன்றத் தேர்தலிலேயே நான் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டதை நினைத்தால் இன்றும் கஷ்டமாக இருக்கிறது.

அப்புறம் "பிடிக்கிறதா" என்ற கேள்வியைப் பற்றி. எங்களுக்குக் கீழ்பவானி வாய்க்கால் பாசனம். 124 மைல் ஓடுகிற மண் வாய்க்கால், இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் அதை நம்பியிருக்கிறது. அதில் கான்கிரீட் போடுகிற திட்டம் வந்தபோது விவசாயிகளே இரண்டாகப் பிரிந்தார்கள். அப்பா வேண்டாம் என்கிற கட்சி, ஏனென்றால் வாய்க்காலில் கசிகிற தண்ணீரில்தான் எங்கள் கிணறு ஊறுகிறது. கடைமடையில் இருக்கிற என் மாமா வேண்டும் என்கிறார், அவர் காட்டுக்குத் தண்ணீர் முழுசாக வந்து சேர்வதில்லை. இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எந்தப் பெரிய கட்சி என் மனதுக்குப் பிடித்திருக்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எங்கள் கிணற்றுக்கு வேண்டிய கேள்வி, நிற்கிறவர்களில் யார் கரையில் வந்து நின்று இரண்டு பக்கமும் கேட்பார், யாரிடம் நாளைக்குப் போய் அப்பா சத்தம் போட முடியும் என்பதுதான். அதற்கு எப்போதும் ஒருவருக்கொருவர் கொஞ்சமாவது வித்தியாசம் இருக்கிறது. தேடினால் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து மாவட்டத்து அரவக்குறிச்சியில் 2016-ல் பணம் தண்ணீராக ஓடுகிறது என்று தேர்தலையே தள்ளிவைத்தார்கள். காசு வாங்கியவர் எந்த மழையிலும் வெயிலிலும் வந்து போட்டுவிடுவார். வெறுத்துப் போனவர்தான் வருவதில்லை. நாம் விலகி நிற்க நிற்க, வாங்கப்பட்ட ஓட்டின் எடை கூடிக்கொண்டே போகிறது. அரசியல் நாறுகிறது என்று ஒதுங்குகிற நல்ல மனிதர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை, பதற்றம் வருகிறது.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகளுக்கு, வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்கிற படிவம் 6 நிரப்பிக் கொடுத்தேன். இப்போதெல்லாம் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று வருடத்துக்கு நாலு தகுதித் தேதி இருக்கிறது, பதினெட்டு முடிந்தும் ஒரு வருடம் காத்திருக்கத் தேவையில்லை. எந்தக் கட்சிக்குப் போடு என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பேர் வந்த பிறகும் யாரையும் பிடிக்கலன்னா மாமா?" என்றாள். தாராளமாக நோட்டா போடு, ஆனால் நிற்கிறவர்களின் பிரமாணப் பத்திரத்தைப் படித்துவிட்டுப் போடு என்றேன். அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. தேர்தல் ஆணையத்தின் தளத்தில் போன தேர்தலில் நின்றவர்களுடையதை எடுத்துக் காட்டினேன். வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாம் அதில் இருக்கும்.

போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டபோதும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "மாமா, கரண்ட் பில் பாக்கி, தண்ணி வரி பாக்கி இருக்கான்னுகூட இதுல கேட்டிருக்காங்க. இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க, படிச்சுட்டு வர்றேன்."