மறுபடி செய்து பார்ப்பதற்குப் பெயர் குளறுபடி இல்லை

அந்தச் செய்தியை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள், பலர் பகிர்ந்தும் விட்டீர்கள். அதனால் இணைப்பைப் போடவில்லை. "எலிக்காய்ச்சல் பரிசோதனையில் பாரிய குளறுபடி! ஆய்வுகூடத்தில் நடப்பது என்ன?" என்று தலைப்பு, கீழே அந்த லாபில் (ஆய்வுகூடத்தில்) வேலை செய்யும், முகக்கவசம் போட்ட ஒரு பெண்பிள்ளையின் படம். பத்து நாளைக்கு முன் அதே பக்கத்தில், அதே படத்தோடு "சாதனை படைத்த மட்டு. மண்ணின் மகள்" என்று வந்தது. இரண்டு செய்திக்கும் இடையில் அந்த லாபில் நடந்தது இவ்வளவுதான்: ஒரு பரிசோதனையை நிறுத்தி, மறுபடி செய்தார்கள்.

மறுபடி செய்வது குளறுபடி இல்லை. அந்த வேலையே அதுதான்.

ஆறுதலாகச் சொல்கிறேன். காய்ச்சல்காரரின் இரத்தத்தில் எலிக்காய்ச்சல் கிருமியின் டிஎன்ஏ இருக்கிறதா என்று, டிஎன்ஏயைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் முறையில் பார்க்கிறார்கள். தேடுவது லிப்எல்32 என்ற மரபணுவின் ஒரு துண்டை. எலிக்காய்ச்சல் கிருமியின் பெயர் லெப்டோஸ்பைரா; அதில் நோய் உண்டாக்கும் வகைகளிடம்தான் அந்த மரபணு இருக்கும். ஒரு குழாயில் இருப்பது 25 மைக்ரோலீற்றர், அரைத்துளித் தண்ணீர். அதை 95 பாகைக்குச் சூடாக்கி 60 பாகைக்கு இறக்கினால் ஒரு துண்டு இரண்டாகும், அடுத்த சுற்றில் நாலாகும், முப்பதாவது சுற்றில் 107 கோடியாகும். பிசிஆரின் கெட்டித்தனமும் இதுதான், ஆபத்தும் இதுதான். பெருக்கி முடிந்த குழாயின் மூடியை யாராவது பிழையான அறையில் திறந்தால், கண்ணுக்குத் தெரியாத தெறிப்பில் இலட்சக்கணக்கான துண்டுகள் கிளம்பும். துளியை அளந்து எடுக்கும் பைபெட்டுக்குள் போகும், கையுறையில் ஒட்டும், கலவைக்கு விடும் தண்ணீர் இருக்கும் சின்னக் குழாயில் விழும். அடுத்த நாள் நோயே இல்லாதவரின் இரத்தமும் பொசிட்டிவ் காட்டும்.

அதைப் பிடிக்கத்தான், பல குழாய்களை ஒன்றாக ஓட்டும் ஒவ்வொரு தட்டிலும், ஒரு குழாயில் இரத்த மாதிரிக்குப் பதிலாக வெறும் தண்ணீர் விடுகிறார்கள். நெகட்டிவ் கன்ட்ரோல் என்பது அதைத்தான். டிஎன்ஏ பெருகினால் கருவியின் திரையில் அந்தக் குழாயின் கோடு மேலே எழும்பும்; 40 சுற்று ஓடி முடிந்தாலும் தண்ணீரின் கோடு தட்டையாகக் கிடக்க வேண்டும். அன்று அது 37ஆம் சுற்றில் மேலே எழும்பியது.

அதைக் கண்டது படத்தில் இருக்கும் அந்தப் பிள்ளைதான். அந்தத் தட்டின் ரிசல்ட் ஒன்றையும் வெளியே விடாமல் நிறுத்தியதும் அவதான். பிறகு மூன்று நாள் தேடினார்கள். மேசையை ப்ளீச் கரைசலால் துடைத்துப் பத்து நிமிடம் விட்டார்கள். பைபெட்டைக் கழற்றிக் கழுவினார்கள். முதலில் தண்ணீரை மாற்றி ஓட்டினார்கள், பிறகு பிரைமரை (எந்தத் துண்டைப் பெருக்குவது என்று காட்டும் சிறு டிஎன்ஏ), பிறகு மாஸ்டர் மிக்ஸை (பெருக்கும் நொதி இருக்கும் கலவை). ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் எது பிழை என்று கடைசிவரை தெரியாது. தண்ணீரை மாற்றியதுமே கோடு படுத்துவிட்டது. மற்ற இரண்டையும் உறுதிக்காகப் பார்த்தார்கள். திறந்து பாவித்த ஒரு சின்னத் தண்ணீர்க் குழாயில்தான் கலப்பு இருந்திருக்கிறது.

செய்தி எழுதியவர்களே, இந்த மூன்று நாளைத்தான் "குளறுபடி" என்று எழுதினீர்கள். பிழையைப் பிடித்த நாளைப் பிழை விட்ட நாள் என்று எழுதினீர்கள்.

"லாப் பிழை விடாதா, கேள்வி கேட்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். விடும், கேளுங்கள். ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேளுங்கள். நெகட்டிவ் கன்ட்ரோல் என்ன காட்டியது? சி.டி. பெறுமானம், அதாவது கோடு எழும்பிய சுற்று, எத்தனை? 27இல் எழும்பும் கோட்டுக்கும் 37இல் எழும்பும் கோட்டுக்கும் இடையில் ஆயிரம் மடங்கு வித்தியாசம் இருக்கிறது. இரண்டையும் "பொசிட்டிவ்" என்ற ஒரே சொல்லில் எழுதலாமா? 2020இலிருந்து இலங்கையில் சின்னப் பிள்ளைக்கும் பிசிஆர் என்ற சொல் தெரியும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் இந்த இரண்டு கேள்வியைக் கேட்க ஒரு நிருபருக்குத் தோன்றவில்லை என்பதுதான் மனதை நோகச் செய்கிறது.

உலகத்திலேயே பெரிய லாப்களில் இது நடந்திருக்கிறது. ஜெர்மனியில் ஹைல்புரோன் நகரில் 2007இல் ஒரு பெண் பொலிஸ் அதிகாரி கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த டிஎன்ஏ, ஏற்கெனவே பல குற்ற இடங்களில் கிடைத்த அதே பெண்ணுடையது என்று வந்தது. மூன்று நாட்டுப் பொலிஸ் தேடியது, பத்திரிகைகள் அந்தப் பெண்ணுக்குப் பட்டப்பெயரும் வைத்தன. 2009இல் ஒரு ஆணை அடையாளம் காணச் செய்த பரிசோதனையில் அதே பெண்ணின் டிஎன்ஏ வந்தது. மறுபடி செய்து பார்த்தார்கள், இல்லை. கடைசியில் அது மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சித் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு பெண்ணுடையது. யாரோ ஒருவர் "மறுபடி செய்வோம்" என்று சொன்னதால் வெளிவந்த உண்மை அது.

"விஞ்ஞானிகள் வாய் திறப்பதில்லை, நாங்கள் என்ன செய்ய?" இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. வாய் திறந்தால் என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள். முதல் செய்திக்குப் படம் எடுக்க வந்தவர்கள், பெருக்கிய டிஎன்ஏயை ஜெல்லில் ஓட்டும் அறையில் படம் எடுத்துவிட்டு, அதே பையோடும் சப்பாத்தோடும் மாஸ்டர் மிக்ஸ் கலக்கும் அறைக்குள் வந்தார்கள். சுத்த அறையிலிருந்து அழுக்கு அறைக்குப் போகலாம், திரும்பி வரக் கூடாது. அது அந்த வேலையின் முதல் பாடம். கலப்பு அவர்களால்தான் வந்தது என்று சொல்ல மாட்டேன்; தெரியாததைச் சொல்வது எனக்கும் ஆகாது. ஆனால் நீலத் தண்ணீர் நிரப்பிய குடுவையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னபோது "இங்கே அப்படி ஒன்று இல்லை" என்று அந்தப் பிள்ளை சொன்னதை ஏன் எழுதவில்லை? அந்தக் குடுவைப் படத்தை ஏன் போட்டீர்கள்? இப்போது அந்தப் படத்துக்குக் கீழேதான் நானூறு பேர் அவவின் படிப்பையும் குடும்பத்தையும் இழுத்து ஏசுகிறார்கள்.

"ஒரு செய்திக்கு இவ்வளவு கோபமா?" செய்தி, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே வயல்கள் நிறைந்த படுவான்கரைக்குப் போய்ச் சேர்ந்ததால் கோபம். காய்ச்சலோடு கிடந்த ஒரு வெள்ளாமைக்காரரிடம் இரண்டாம் முறை இரத்தம் கேட்கப் போனவரிடம் அவர் சொன்னாராம்: "வேணாம் தம்பி. அங்க ஆள் மாறி ரிசல்ட் குடுக்கிறாங்களாம். மறுகா எனக்கு என்ன எழுதுவானுகளோ." சேற்றில் நின்று காலில் வெடிப்போடு வேலை செய்யும் மனிசன். எலிக்காய்ச்சலால் சிறுநீரகம் பழுதாகிவிட்டால் யார் பொறுப்பு, தலைப்பு எழுதினவரா?

புதுத் தண்ணீரோடு ஓட்டிய தட்டின் ரிசல்ட்டையும் சொல்லிவிடுகிறேன், எந்தப் பக்கத்திலும் அது வரவில்லை. நெகட்டிவ் கன்ட்ரோல் 40 சுற்றும் தட்டை. முதலில் பொசிட்டிவ் வந்த மூன்று பேரில் இரண்டு பேர் 27இலும் 29இலும் மறுபடி பொசிட்டிவ். 38இல் வந்த மூன்றாமவருக்கு ஒன்றும் இல்லை.

மாரி வெள்ளாமை வெட்டுத் தொடங்குகிறது. வயலுக்குப் போகிறவர்கள் பிஎச்ஐயை (பொதுச் சுகாதாரப் பரிசோதகரை) கண்டு, எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கக் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் மருந்து பற்றிக் கேளுங்கள். 200 மில்லிகிராம், கிழமைக்கு ஒரு தடவை, உங்களுக்குப் பொருந்துமா என்று அவர்கள் சொல்வார்கள். காய்ச்சல் வந்தால் முதல் கிழமைக்குள் இரத்தம் கொடுங்கள், பிந்தினால் இரத்தத்தில் கிருமியின் டிஎன்ஏ கிடைப்பது அரிது. இரத்தம் எடுக்கிறவர்களுக்கு: ஊதா மூடி ஈடிடிஏ குழாயில் எடுங்கள். பச்சை மூடிக் குழாயில் இருக்கும் ஹெப்பரின் பிசிஆரைத் தடுத்துவிடும். ரிசல்ட் வரும்வரை மருந்தைப் பிந்த விடாதீர்கள். இரண்டாம் முறை இரத்தம் கேட்டு யாராவது வந்தால், தயவுசெய்து கையை நீட்டுங்கள்.