ஏசி அறையில் வாசனை மெழுகுவர்த்தி ஏற்றாதீர்கள்

போன மே மாதம், அக்னி நட்சத்திரம். வேலூர் வெயிலைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் ஏசி ஒரே அறையில்தான். அதனால் அம்மா, நான், லீவுக்கு வந்திருந்த அக்கா மகள் மூன்று பேரும் ராத்திரி அங்கேதான் படுப்போம். அவள் பெங்களூரிலிருந்து கண்ணாடிக் குவளையில் ஊற்றிய வாசனை மெழுகுவர்த்தி ஒன்று வாங்கி வந்திருந்தாள். ஜன்னலைச் சாத்தி, ஏசியைப் போட்டு, அதையும் ஏற்றிவிட்டு, "ரூம் எப்படி மணக்குது பாரு சித்தி" என்றாள். நன்றாகத்தான் மணந்தது.

மூன்றாவது நாள் ராத்திரி அம்மாவுக்கு இருமல். ஏற்கனவே வீசிங் உள்ளவர். இன்ஹேலர் எடுத்தும் அடங்கவில்லை. மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு அவரைக் கூடத்து ஜன்னலோரம் உட்கார வைத்தோம். மூச்சு சீராக இரண்டு மணி ஆனது. மெழுகுவர்த்திதான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் காலையில் அது இருந்த அலமாரிக்கு மேலே சுவரைத் தடவிப் பார்த்தேன். விரலில் கண்மை மாதிரி கரி ஒட்டியது. மூன்றே ராத்திரியில் சுவரில் இவ்வளவு படிந்திருந்தால், அம்மாவின் நெஞ்சுக்குள் எவ்வளவு போயிருக்கும்?

நிறையப் பேர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. வீடுகளில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிரவைத்துத் திருப்பி விடுகிறது. உள்ளே எரிவது எதுவானாலும் அதன் புகை அங்கேயேதான் சுற்றும். போதாததற்கு ஏசி காற்றில் சுடர் ஆடும். ஆடுகிற சுடரில் மெழுகு சரியாக எரியாமல் கரி அதிகமாகும். திரி நீளமாக இருந்தாலும் அதே கதைதான். ஏற்றும் முன் கால் அங்குலத்துக்கு நறுக்க வேண்டும்.

பெரும்பாலான மெழுகுவர்த்திகள் பாரஃபின், அதாவது கச்சா எண்ணெயிலிருந்து வருவது. எரியும்போது நுண்துகளோடு கொஞ்சம் பென்சீன், ஃபார்மால்டிஹைடு எல்லாம் வரும். சோயா மெழுகு என்றால் புகையே இல்லை என்று நம்ப வேண்டாம், சுடர் இருந்தால் துகளும் இருக்கும். வாசனைக்குச் சேர்க்கும் லிமோனீன் போன்றவை காற்றில் உள்ள ஓசோனோடு சேர்ந்தாலும் ஃபார்மால்டிஹைடு உண்டாகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் வைத்தது. ஜன்னல் திறந்த கூடத்தில் எப்போதாவது ஒன்று ஏற்றினால் இதெல்லாம் மிகக் குறைந்த அளவில்தான் இருக்கும். அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். என் கவலை சாத்திய அறையைப் பற்றி மட்டும்தான்.

"கொசுவர்த்திச் சுருளைவிடவா இது மோசம்?" என்று கேட்பீர்கள். இல்லை, சுருள்தான் மோசம். ஒரு சுருள் எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதற்காக இரண்டையும் சேர்த்து ஏற்றுவதா? கொசுவலை கட்டுங்கள். ஆனால் வலை கட்டிய கட்டிலுக்குப் பக்கத்தில் எந்தச் சுடரும் வேண்டாம். நைலான் வலை தீப்பிடித்தால் உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும். தூங்கப் போகும் முன் மெழுகுவர்த்தியை அணைத்தே ஆக வேண்டும்.

அப்புறம், குவளையின் அடியில் அரை அங்குலம் மெழுகு மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். அதற்கும் கீழே எரிந்தால் சூட்டில் கண்ணாடி விரிசல் விடும். மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் சட்டென்று ஆவியாகி, எரிகிற மெழுகை நாலாபக்கமும் தெறிக்க விடும். தட்டைப் போட்டு மூடுங்கள், அணைந்துவிடும். இதை வீட்டில் எல்லாருக்கும், முக்கியமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

வீசிங் உள்ளவர்கள், கைக்குழந்தை, கர்ப்பிணி இருக்கும் வீடுகளில் படுக்கையறையில் இது வேண்டவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அறை நாறுகிறது என்றால் காலையில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், தலையணை உறையைத் துவையுங்கள், ஏசி வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். நாங்கள் கழுவினபோது வந்த அழுக்கைப் பார்த்து அக்கா மகளே வாயடைத்துப் போனாள்.

அவள் இந்த லீவுக்கும் வருகிறாள். மெழுகுவர்த்தி ஆசை இன்னும் விடவில்லை. சாயங்காலம் மொட்டை மாடியில் ஏற்றிக்கொள்ளட்டும், பக்கத்தில் நானும் உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.