டிராகனுக்கு எத்தனையாவது மதகு?

(அறச்சலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. வாசலில் கயிற்றுக் கட்டில். லேப்டாப்போடு பேத்தி நித்யா, காப்பி டம்ளரோடு அப்புச்சி.)

அப்புச்சி: ஏங்கண்ணு, காலையிலிருந்து அந்தப் பொட்டியையே முறைச்சுட்டு இருக்கே?

நித்யா: நாவல் எழுதறேனுங்க அப்புச்சி. நெருப்பு நாடு, பனி நாடு. நானூறு வருஷப் பகை. ஆளுக்கு நூறு டிராகன், அதனால யாரும் யாரையும் ஜெயிக்க முடியாது.

அப்புச்சி: நானூறு வருஷமா நூறுக்கு நூறா? ஒரு பக்கம் கோமாரி வந்து பத்து செத்தால்?

நித்யா: டிராகனுக்குக் கோமாரி வராதுங்க.

அப்புச்சி: நீ பார்த்தியா? அம்மாயி சீரோட கொண்டுவந்த பொன்னியின் செல்வன் பைண்டு பரண்ல கிடக்குதே, படிச்சியா? 1950-ல கல்கியில ஆரம்பிச்ச தொடர்.

நித்யா: படம் பார்த்தேனுங்க.

அப்புச்சி: அதானே பார்த்தேன். பொக்கிஷம் பெரிய பழுவேட்டரையர் கையில. தஞ்சாவூர்க் கோட்டைக் காவல் தம்பி கையில. அவங்களுக்கு ஆகாத கொடும்பாளூர்க்காரர் ஈழத்துல படையோட நிக்கிறார். அந்தப் படைக்கு இங்கிருந்து எதுக்குச் சோறு அனுப்பணும்னு பெரியவர் முறுக்கிக்கிறார். ராஜா படுத்த படுக்கை. இதுல சமபலம் எங்கே இருக்குது?

நித்யா: அப்போ டிராகன் பனி நாட்டுக்கு, டிராகன் தீனி நெருப்பு நாட்டுக்கு!

அப்புச்சி: இப்பப் பேசு. தண்ணி?

நித்யா: நடுவுல ஒரு ஆறு ஓடுதுங்க.

அப்புச்சி: யார் தலைமடை, யார் கடைமடை?

நித்யா: அதை யோசிக்கலீங்க.

அப்புச்சி: (டம்ளரைக் கீழே வைத்துவிடுகிறார். இனி காப்பி ஆறினாலும் சரி.) யோசிக்கலையா! கீழ்பவானிப் பாசனம் 2,07,000 ஏக்கர். அத்தனைக்கும் ஒரே சமயத்துல நெல்லுக்குத் தண்ணி விட முடியுமா? ஒற்றைப்படை மதகு ஒரு கட்சி, இரட்டைப்படை மதகு ஒரு கட்சி. ஒரு பாதிக்கு நன்செய் முறை, மறு பாதிக்குப் புன்செய் முறை. மறுவருஷம் அப்படியே மாத்து. இன்னைக்கு உன் மதகுல நான் கை வெச்சால், என் முறை வரும்போது நீ விடுவியா?

நித்யா: அப்போ சண்டையே இல்லீங்களா?

அப்புச்சி: யார் சொன்னது? பழைய ஆயக்கட்டு, முதல் உரிமை எங்களுக்குன்னு காலிங்கராயன் வாய்க்கால்காரங்க வருவாங்க. அப்ப ரெண்டு படையும் ஒண்ணாகிடும். கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாம்னு பேச்சு வந்ததா, ஒத்தை இரட்டை எல்லாம் போச்சு. கடைமடையில வேணும்னாங்க, வாய்க்கால் கசிவுல ஊறுற கிணத்தை நம்பி இருக்கறவங்க கூடாதுன்னாங்க. நேத்து வரைக்கும் ஒரே திண்ணையில வெத்தலை போட்டவங்க!

நித்யா: மூணாவதா ஒரு மலை நாடு சேர்த்துடறேனுங்க.

அப்புச்சி: அவங்க பொண்ணை நெருப்பு நாட்டுக்குக் கட்டிக் குடு. எதிர்ல மச்சான் நின்னால் வாள் அவ்வளவு சுளுவா எழாது.

நித்யா: நீங்க மச்சான் மேலதானுங்களே வண்டித்தட வழக்குப் போட்டிருக்கீங்க?

அப்புச்சி: வாய்தாவுக்கு ஒரே பஸ்லதான போறோம். டிக்கெட் அவன் எடுப்பான்.

நித்யா: சரிங்க, டிராகன் கணக்கை என்ன பண்றது?

அப்புச்சி: எத்தனைன்னு வெளியே விடாதே. எதிராளிக்குத் தெரியாத வரைக்கும் பத்தும் நூறுதான். ஈரோட்டுல மஞ்சள் விக்கிறவன் எவனாவது குடோன்ல இருக்கிற மூட்டையைச் சரியாச் சொல்லியிருக்கானா?

நித்யா: நம்ம குடோன்ல எத்தனை இருக்குதுங்க?

அப்புச்சி: (சுற்றுமுற்றும் பார்த்து, குரலை இறக்கி) மாப்பிள்ளை கேட்கச் சொன்னாரா?