ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2: வெளியே திறந்த காடு, மிஷனுக்குள் பூட்டிய வீடு

2018 அக்டோபரில் வந்த, கவ்பாய் காலத்து அமெரிக்கக் கொள்ளைக்கூட்டம் பற்றிய கேம். விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக்கில் நூற்றுக்கு 97. இன்னும் யாராவது ஒருவர் "இதுக்கு மேல ஓபன் வேர்ல்ட் (இஷ்டத்துக்குச் சுற்றக்கூடிய உலகம்) கிடையாது"ன்னு பதிவு போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். தள்ளுபடியில் வாங்கி, நாலு மணி நேரம் ஆடிவிட்டு "வெறும் குதிரை ஓட்டுறதுதானே"ன்னு அழித்துவிட்டுப் போனவர்களும் நிறைய. இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. ஒரே பெட்டிக்குள் இரண்டு கேம் இருக்கிறது.

முதல் கேமுக்கு மான் வேட்டை ஒன்று போதும். பைனாகுலரில் பார்த்தால் அதன் தரம் நட்சத்திரமாகத் தெரியும். மூன்று இருந்தால்தான் பழுதில்லாத தோல் கிடைக்கும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து அடித்தால் வாடை பிடித்து ஓடிவிடும், சுற்றிப் போய்த்தான் நெருங்க வேண்டும். ரைபிளில் தலைக்கு ஒரே குண்டு. இரண்டு மூன்று போட்டால் தோல் கெட்டுவிடும். அதே ரைபிளை முயலுக்கு நீட்டினால் எல்லாம் நாசம், அதற்குச் சிறு பிராணிகளுக்கான வார்மின்ட் ரைபிள். அணிலுக்கு அதுவும் அதிகம். ஒரு அம்பு, ஒரு இறகு, ஒரு ஷாட்கன் தோட்டா சேர்த்து சிறு பிராணி அம்பு நீங்களே செய்துகொள்ள வேண்டும். அடித்ததைக் குதிரை மேல் போட்டுக்கொண்டு நாள்கணக்கில் ஊர் சுற்றினால் அழுகிப்போகும். எதையும் கேம் வாயைத் திறந்து சொல்லிக்கொண்டிருக்காது, ஆனால் தப்பு செய்தால் ஏன் தப்பு என்பது உங்களுக்கே புரியும். இந்த விஷயத்தில் கிடைத்த புகழ் அத்தனையும் நியாயம்.

இரண்டாவது கேம் மிஷன், அதாவது கதையை நகர்த்தும் பணி. அது தொடங்கியதும் இந்தப் புத்திசாலித்தனம் எல்லாம் காணாமல் போகிறது. எதிரியைப் பின்பக்கமாக மடக்கலாம் என்று மேட்டில் ஏறினால், கூட வந்தவனை விட்டுப் போய்விட்டாய் என்று தோல்வி போட்டுவிடும். நீங்கள் பார்த்துப் பார்த்து எடுத்துவைத்த துப்பாக்கியைக்கூட கேமே மாற்றி வைக்கும். மேற்கே நியூ ஆஸ்டின் என்ற பகுதி வரைபடத்தில் இருக்கிறது, ஆனால் கதையின் கடைசிப் பகுதியான எபிலாக் வரும் முன் அங்கே கால் வைத்தால் எங்கிருந்தோ கண்ணுக்குத் தெரியாத ஒருவன் சுட்டு வீழ்த்துவான். வேலி போட்டிருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும்.

கன்ட்ரோல் தனிக் கொடுமை. பிளேஸ்டேஷனில் கை வெறுமையாக இருந்தால் எல்2 பொத்தான் பேசுவதற்கு, துப்பாக்கி இருந்தால் அதே எல்2 குறி வைப்பதற்கு. குதிரை ஏற முக்கோணம். பக்கத்தில் ஆள் நின்றால் அதே முக்கோணம் அவன் கழுத்தைப் பிடிக்கும். பார்த்தவன் போலீஸுக்கு ஓடுவான், உங்கள் தலைக்கு விலை வரும், ஸ்டேஷன் தபால் ஜன்னலில் போய்க் கட்டவேண்டும். குதிரையை விட்டு இறங்கினால் ரைபிள் சேணத்திலேயே தங்கிவிடும். இறங்கும் முன் எல்1 பிடித்து எடுத்துக்கொள்ளப் பழகுங்கள். இதெல்லாம் யதார்த்தம் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. ஒரே பொத்தானில் வணக்கமும் துப்பாக்கியும் இருப்பதில் என்ன யதார்த்தமோ.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு: முதல் அத்தியாயம் முழுக்க பனிமலை, வழி ஒன்றுதான், மெதுவாகத்தான் போகும். அதை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். செட்டிங்ஸில் ஓட்டத்தை 'டாகிள்' (ஒருமுறை தட்டினால் போதும்) ஆக்குங்கள், எக்ஸைத் தட்டித் தட்டிக் கட்டைவிரல் வலிக்காது. டி-பேடின் கீழ்ப் பொத்தானைப் பிடித்து, திரை மூலையிலுள்ள சிறு வரைபடமான மினிமேப்பை அணைத்துவிட்டு திசைகாட்டி மட்டும் வையுங்கள். கண் மூலையை விட்டுவிட்டுப் பாதையைப் பார்க்க ஆரம்பிக்கும், பாதி அழகு அப்போதுதான் தெரியும். தூரப் பயணத்துக்கு வரைபடத்தில் குறி வைத்து, குதிரையை ஓடவிட்டு, டச்பேடை அழுத்திப் பிடித்தால் சினிமா கேமரா வரும், குதிரை தானே பாதை பிடித்துப் போகும்.

ஃபாஸ்ட் டிராவல் (நொடியில் ஊர் விட்டு ஊர் போகும் வசதி) இல்லை என்று புலம்புகிறவர்கள் கொள்ளைக்கூட்ட முகாமின் கணக்குப் புத்தகத்தைத் திறக்காதவர்கள். முதலில் கூட்டத் தலைவன் டச்சின் கூடாரத்தை மேம்படுத்த கேம் பணத்தில் 220 டாலர், பிறகு நீங்கள் ஆடும் ஆர்தருடையதற்கு 325. ஃபாஸ்ட் டிராவலுக்கான வரைபடம் கிடைக்கும். முகாமில் இருக்கும்போதுதான் உதவும்.

காசுக்குத் தகுமா என்று கேட்டால், மாலையில் முக்கால் மணி நேரம் கிடைத்து 'இன்னிக்கு ஒரு மிஷன் முடிக்கணும்' என்று உட்காருகிறவருக்கு இது வேண்டாம். வாங்குகிறவர்கள் இரண்டாம் அத்தியாயத்திலிருந்து நான்காம் அத்தியாயம் முடிவதற்குள் வேட்டை, மீன்பிடி, ஊர்சுற்றல் எல்லாம் ஆசை தீர முடித்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் கதை உங்களை நிற்கவிடாது. பிசிக்காரர்கள் 150 ஜிபி காலி செய்து வையுங்கள்.