அம்மாவுக்குப் பக்கத்தில் குதிரை எதற்கு?

"சீன எழுத்தெல்லாம் படம்தானே, பார்த்து மனதில் பதித்துக்கொண்டால் போச்சு." இதைச் சொல்லித்தான் சீனம் கற்றுத்தரும் பாதி ஆப்கள் விற்பனையாகின்றன. மலை, மரம், வாய் என்று முதல் ஐம்பது எழுத்துவரை வண்டி ஓடும். அப்புறம் நின்றுவிடும். சீன எழுத்துகளில் ஐந்தில் நான்குக்குமேல் படமே கிடையாது. ஒரு பகுதி பொருளைக் கோடிகாட்டும், இன்னொன்று ஓசையை.

அம்மாவைக் குறிக்கும் 'மா' எழுத்தில் இடப்பக்கம் பெண், வலப்பக்கம் குதிரை. குதிரைக்குச் சீனத்தில் 'மா' என்று பெயர். ஓசைக்காக வந்து நிற்கிறது, அவ்வளவுதான். 'குதிரைமேல் அம்மா' என்று கதை கட்டி மனப்பாடம் செய்தவர், குதிரையோடு ஒரு வாய் சேர்ந்தால் கேள்வி விகுதி, இரண்டு வாய் சேர்ந்தால் 'திட்டுதல்' என்று வரும்போது தடுமாறுவார். ஓசையைப் பிடித்தவருக்கு மூன்றும் 'மா'தான், தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கம், மட்டும் வேறு.

சீனம் படமொழி, அதனால் மூளையின் வலப்பக்கம்தான் அதை வாசிக்கும், அது 'வலது மூளை மொழி' என்பதும் கட்டுக்கதை. உருவத்தை அலச வலப்பக்கக் காட்சிப் பகுதி கொஞ்சம் கூடுதலாகக் கைகொடுக்கும். வாசிப்பின் பெரும்பாரம் இடப்பக்கத்தில்தான். வாசிக்கத் திணறும் சீனக் குழந்தைகளுக்கு இடது முன்மூளையின் நடுமடிப்பில் இயக்கம் குறைவு என்று 2004இல் ஓர் ஆய்வு காட்டியது. எழுதிப் பழகுவதே சீனத்தில் வாசிப்பைத் தாங்குகிறது என்றது 2005இல் வந்த இன்னொன்று.

அதனால் ஆரம்பத்தில் கையால் எழுதுங்கள். ஆனால் ஒரே எழுத்தை வரிசையாக இருபது தடவை எழுதுவது வீண்; மூன்றாவது தடவையிலிருந்து கண் முந்தையதைப் பார்த்துக் காப்பியடிக்கும், நினைவுக்கு வேலையில்லை. பாருங்கள், மூடுங்கள், எழுதுங்கள், ஒப்பிடுங்கள். மறுநாள் பார்க்காமல் மறுபடி எழுதுங்கள். போனில் ஓசையை ஆங்கில எழுத்தில் தட்டியே பழகிய சீனர்களுக்கே 'தும்மல்' சொல்லில் வரும் 17 கோட்டு எழுத்தைக் கண்டால் தெரியும், எழுதக் கை வராது. 'பேனா எடுத்தால் எழுத்து மறக்கும்' என்று நான்கெழுத்தில் ஒரு தொடரே வைத்திருக்கிறார்கள்.

உச்சரிப்பில் நமக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். மனிதனைக் குறிக்கும் 'ழென்' ஏறக்குறைய நம் ழகரமே. மாட்டிக்கொள்வது தொனியில். 'வந்தானா?' என்று கடைசியை உயர்த்தியே கேட்டுப் பழகிய வாய் நமது. 'மாய்' தாழ்ந்து ஒலித்தால் வாங்குவது, சட்டென்று விழுந்தால் விற்பது. விழவேண்டியதைக் கேள்விக்காக உயர்த்தினால் விற்பவரா வாங்குபவரா என்று எதிராளி குழம்புவார். சொல்லின் தொனியைத் தொடாதீர்கள். ஒரு வாய் சேர்ந்த அந்தக் குதிரை 'மா'வைக் கடைசியில் ஒட்டுங்கள், கேள்வியாகிவிடும்.