முருகேசன் வேஷத்துக்கு யார்?

'சந்திரமுகி'யை இன்றைக்குப் புதிதாக எடுத்தால் முருகேசனாக நடித்த வடிவேலு இடத்தில் யாரைப் போடலாம் என்று கேட்டாலே, பலர் உடனே யோகி பாபு என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் நல்ல நடிகர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் முருகேசன் வேஷம் கவுண்டர் வசனத்தில் நிற்பதில்லை, பயத்தில் நிற்கிறது.

இதன் மலையாள மூலமான, 1993-இல் ஃபாசில் எடுத்த 'மணிச்சித்ரதாழ்' படத்தில் மோகன்லால் வந்து சேரவே வெகுநேரம் ஆகும். அதுவரை அந்த வீட்டின் திகிலில் பாதியைச் சுமப்பவர் நகைச்சுவை நடிகர் இன்னசென்ட். 2005-இல் பி. வாசு தமிழில் எடுத்தபோது ரஜினி ஆரம்பத்திலேயே வந்துவிட்டார். ரஜினி பயப்பட மாட்டார் என்பது தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஹீரோ பயப்படாத பேய்ப்படத்தில் நமக்காக இன்னொருவர் பயந்தாக வேண்டும். வடிவேலு செய்தது அந்த வேலையைத்தான்.

ராத்திரியில் ரஜினியோடு அவர் அந்த பங்களாவுக்குள் போகும் காட்சியைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். வசனமே இல்லாமல் பயம் புரியும். பிறகு சத்தத்தோடு பாருங்கள். 'மாப்பு' என்று கூப்பிடும்போது குரல் தொண்டையிலேயே சிக்கிக்கொள்கிறது. அவர் நம்மைச் சிரிக்கவைக்கப் பார்க்கவில்லை, நிஜமாகவே நடுங்குகிறார். அதனால்தான் சிரிப்பும் வருகிறது, அடிவயிறும் கலங்குகிறது.

பேய்ப்பட ரீமேக்குகள் பல இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. காமெடியன் பயப்படும் ஷாட்டில் 'டொய்ங்' என்று ஒரு சத்தத்தைப் போட்டுவிடுவார்கள். அது 'இது பொய், சிரி' என்று சொல்லிக்கொடுப்பது மாதிரி. அங்கே ஆர்.ஆரை (பின்னணி இசையை) அடக்கிவிட்டு, மூச்சுச் சத்தத்தை மட்டும் விட வேண்டும். இன்னொன்று, தியேட்டரில் சிரிப்பு அடங்க இரண்டு மூன்று விநாடியாவது பிடிக்கும். அதற்குள் பேயைக் காட்டினால் சிரிப்புச் சத்தத்திலேயே அந்தத் திகில் கரைந்துவிடும். முதலில் அவர் முகம், பிறகு அமைதி, அதற்கப்புறம்தான் அவர் பார்த்த பொருள். எடிட்டிங் டேபிளில் இந்த வரிசையை மாற்றினால் எவ்வளவு பெரிய நடிகராலும் காப்பாற்ற முடியாது.

தெலுங்குப் பேய்ப்படமான 'ஆனந்தோ பிரம்மா' தமிழில் 'பெட்ரோமாக்ஸ்' ஆனபோது (2019) கணக்கு நேர் தலைகீழ். அங்கே மனிதர்களைப் பார்த்துப் பேய்கள் மிரள வேண்டும். முனீஷ்காந்த், காளி வெங்கட், சத்யன் போன்றவர்கள் அசராமல் இருந்தால்தான் காமெடி. எதற்கும் அலட்டிக்கொள்ளாத யோகி பாபுவின் முகம் அந்த மாதிரிக் கதைக்குக் கச்சிதம். முருகேசனுக்கு அதுவே இடைஞ்சல்.

என் தேர்வு எம்.எஸ். பாஸ்கர். டப்பிங்கில் ஊறிய குரல் அவருடையது. ஒரே வாக்கியத்தில் அதட்டலில் தொடங்கிக் கெஞ்சலில் முடிக்கத் தெரிந்தவர். வீட்டுப் பெரியவராகவும் பொருந்துவார், அது முக்கியம். ஏனென்றால் முருகேசன் வேலைக்காரனோ விருந்தாளியோ இல்லை, உறவுக்காரர். பேய் இருக்கிற வீட்டை விட்டு அவர் ஏன் ஓடவில்லை என்ற கேள்விக்கு அந்த உறவுதான் பதில். அவருக்கென்று வெளியூர்க் கடைத்தெருவில் தனிக் காமெடி ட்ராக் எழுதிவிட்டால் அந்தப் பதில் போய்விடும். கடைசிவரை அவரை அந்த வீட்டுக்குள்ளேயே, பூட்டிய அறைக்குக் கூப்பிடு தூரத்திலேயே வைத்திருக்க வேண்டும்.