கோவிவன் என்ற நாயும், நடுகல்லில் நாம் பூசும் மைதா மாவும்

செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமை மந்தையைக் காக்கப் போய் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல். கல்லில் அவனோடு ஒரு நாயும் இருக்கிறது. அதற்கும் தனியாக எழுத்து வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று. மகேந்திரவர்மனின் பட்டப்பெயரை மண்டகப்பட்டுக் குடைவரைக் கோயிலிலும் படிக்கலாம், மகேந்திரவாடிக் குடைவரையிலும் படிக்கலாம். அவன் காலத்து நாட்டுநாய் ஒன்றின் பெயரைப் படிக்க எடுத்தனூருக்குத்தான் போக வேண்டும்.

விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் இருக்கும் கல் ஒரு சண்டைச் சேவலுக்கு எடுத்தது. இந்தளூரில் இன்னொரு சேவல். அதன் பெயர் பொற்கொற்றி. ஆண்டிபட்டி பக்கம் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் கண்டுபிடித்த கல்லில் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்தில் ஒரே வாசகம்: “கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்”. கூடலூர் ஆநிரை கவர்ந்த பூசலில் செத்த, பேடு ஊர்க்காரன் தீயன் அந்தவனுக்கு நட்ட கல். சங்கப் பாட்டில் வரும் ஆகோள் அப்படியே கல்லில் நிற்கிறது.

வட்டார வரலாறு என்றதும் “எங்க ஊருக்கு எந்த ராஜா வந்தார்?” என்றே கேட்கிறோம். வந்திருக்க மாட்டார். மாடு வந்திருக்கும், மாட்டுக்காகச் சண்டை வந்திருக்கும். அந்தச் செய்தி தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் இன்றும் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் வேடியப்பன் என்ற பெயரில் எண்ணெய் பூசி நிற்கிறது. கும்பிடுவதால் கல் பிழைத்திருக்கிறது. ஆர்வக்கோளாறில் ‘கண்டுபிடிக்க’ப் போகிறவர்கள் கையில்தான் அது பாழாகிறது.

முதல் குற்றவாளி மைதா. சாக்பீஸும் அதே ரகம். எழுத்துப் பள்ளத்தில் வெள்ளையைத் தேய்த்துப் படம் எடுத்தால் ‘பளிச்’ என்று தெரியும், உண்மைதான். ஆனால் தெரிவது கல் சொன்ன எழுத்து இல்லை. தேய்த்தவர் எழுத்து என்று நினைத்தது. கல்லின் இயற்கைக் கீறல் ஒன்றில் வெள்ளை இறங்கினால் ‘ப’ ‘ம’ ஆகிவிடும். அந்தப் படம் நூறு பேருக்குப் போன பிறகு திருத்தவே முடியாது. கம்பி பிரஷ், ஆசிட், சுண்ணாம்பு, பெயின்ட் எதுவும் கூடாது. கல்லைப் பிடுங்கி நேராக நிமிர்த்தி வைப்பதும் கூடாது. மண்ணுக்குள் கடைசி வரி இருக்கலாம், அடியில் வேறு கல் இருக்கலாம், நின்ற திசையும் ஒரு சான்று.

காசே இல்லாமல் செய்யக்கூடியது சாய்வொளிப் படம். நடுப்பகல் வெயில் நேராக அடிக்கும்போது எழுத்து மறைந்துவிடும். காலையிலோ மாலையிலோ, இல்லை இருட்டிய பிறகு ஒரு டார்ச்சைக் கல் முகத்தை ஒட்டினாற்போல், சுமார் 15 டிகிரி சாய்வில் பிடிக்க வேண்டும். கேமராவைக் கல்லுக்கு நேர் எதிரே ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, வெளிச்சத்தை மட்டும் இடம், வலம், மேல், கீழ் என்று மாற்றி நாலு படமாவது எடுங்கள். ஏன் நாலு? வெளிச்சம் வரும் திசையிலேயே ஓடும் கோட்டுக்கு நிழல் விழாது. இடப்பக்க வெளிச்சத்தில் எடுத்த படத்தில் படுக்கைக் கோடுகள் காணாமல் போகும். ஒரே படத்தை வைத்துக்கொண்டு வாசித்தவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பக்கத்தில் ஒரு அளவுகோல் கட்டாயம் இருக்கட்டும்.

அடுத்தது மைப்படி, அதாவது கல்லில் உள்ள எழுத்தைத் தாளில் மையால் ஒற்றி எடுக்கும் படி. இதைப் பழகியவர் ஒருவர் கூட இருக்கும்போதுதான் செய்ய வேண்டும், முதலில் வீட்டு அம்மியிலோ எழுத்து வெட்டிய சாதாரணக் கல்லிலோ கை பழகிவிட்டு. கல்லைத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு கழுவ வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தாள் வழுக்கும், ஒட்டாது. அங்கே பூசாரியிடம் கேட்டு அவர் கையாலேயே கழுவச் சொல்வதுதான் முறை; ஊரின் சாமி அது, நம் ஆய்வுப் பொருள் அப்புறம்தான். கெட்டியான, ஆனால் தண்ணீரை உறிஞ்சக்கூடிய தாளை நனைத்துக் கல்லில் விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தள்ளிக் காற்றுக் குமிழியை வெளியேற்ற வேண்டும். பிறகு அடர்ந்த முடியுள்ள பிரஷ்ஷால் செங்குத்தாகத் தட்டத் தட்ட, தாள் எழுத்துக்குள் இறங்கும். தேய்த்தால் கிழியும். கிழிந்தால் சின்னத் துண்டு ஈரத்தாளை அதன்மேல் வைத்துத் தட்டினால் சேர்ந்துகொள்ளும்.

எல்லாம் கெடுவது அடுத்த கட்டத்தில். தாள் எவ்வளவு காய்ந்ததும் மை போடுவது? ஈரமாக இருந்தால் மை ஊறிப் பரவி எழுத்து அடைபடும், தாளைத் தாண்டிக் கல்லிலும் கறை படியும். ரொம்பக் காய்ந்தால் தாள் பள்ளத்திலிருந்து எழும்பி, பிறகு தட்டும்போது எழுத்தே கறுத்துவிடும். விரல் வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். வெயிலும் காற்றும் இருந்தால் அந்தப் பதம் சில நிமிடம்தான் நிற்கும், எனவே மை முன்பே தயாராக இருக்க வேண்டும். விளக்குக்கரியும் பிசினும் கலந்த மையை ஒரு தட்டில் மெல்லிசாகப் பரப்பி, துணியில் பஞ்சு வைத்துக் கட்டிய ஒத்தடப் பொட்டலத்தால் தொட்டு, முதலில் பழைய பேப்பரில் ஒற்றி மிகுதியைக் குறைத்துவிட்டு, லேசாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரே மூச்சில் கறுப்பாக்க நினைக்காதீர்கள். இரண்டு மூன்று சுற்றாக ஏற்றலாம். மேடு கறுக்கும், எழுத்து வெள்ளையாக நிற்கும். மை முன்பக்கமே ஏறுவதால் எழுத்து இடம் வலம் மாறாது. கல் பெரிதென்றால் தாள்கள் ஓரத்தில் 4, 5 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். நன்றாகக் காய்ந்த பிறகு மேலிருந்து உரித்து, பென்சிலால் பின்பக்கம் ஊர், தேதி, தாள் எண் எழுதிச் சுருட்டி வையுங்கள். மடித்தால் மடிப்பில் எழுத்து போகும்.

வாசிப்பில் ஒரு எச்சரிக்கை போதும். நடுகல்லில் பெரும்பாலும் அரசன் பெயரும் ‘யாண்டு’ எண்ணும்தான் இருக்கும். அது ஆட்சியாண்டு, கி.பி. இல்லை. எந்த மகேந்திரன், அவன் எப்போது பட்டத்துக்கு வந்தான் என்பதெல்லாம் கணக்குப் போட்டு வருவது. அதனால் “கி.பி. 624 கல்வெட்டு” என்று அடித்துச் சொல்லாமல் “ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி” என்பதே நேர்மை. அரசன் பெயரே இல்லாத கல்லுக்கு எழுத்தமைதியை, அதாவது எழுத்தின் வடிவத்தை, கொண்டு நூற்றாண்டு சொல்வார்கள். அதில் முன்னே பின்னே ஒரு நூறாண்டு போகலாம். எழுத்தே இல்லாத புலிகுத்திக் கல்லுக்கு (புலியோடு போராடிய வீரனுக்கு எடுத்த கல்) “மூவாயிரம் ஆண்டு” என்று பதிவு போடுகிறவர்களுக்கு ஆதாரம் எங்கிருந்து வருகிறதோ! லைக்கிலிருந்து வரலாம்.

பதிவு போடுமுன் கல் ஏற்கெனவே படித்து அச்சானதா என்று பாருங்கள். செங்கம் வட்டாரக் கற்களை மாநிலத் தொல்லியல் துறை 1972லேயே ‘செங்கம் நடுகற்கள்’ என்று தொகுத்துவிட்டது. புதிது என்றால் வருவாய்க் கிராமத்தின் பெயர், சர்வே எண், கல் பார்க்கும் திசை, தரைக்கு மேல் உயரம், அகலம், கனம் எல்லாம் எழுதி மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கும் தாசில்தாருக்கும் கொடுங்கள். மண்ணுக்குள்ளிருந்து சிலையோ காசோ வந்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆளில்லாக் காட்டில் தனியாக நிற்கும் கல்லென்றால் துல்லியமான இடத்தை முகநூலில் போடாதீர்கள். கல் திருடுகிறவனும் முகநூல் படிக்கிறான்.

இரண்டாவது மைப்படி ஒன்று எடுத்து அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டச் சொல்லுங்கள், கீழே இன்றைய தமிழில் வாசகத்தோடு. கல் எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்கட்டும்.